வயிற்றுப்போக்கு நோட்டீஸை எந்தத் தமிழில் எழுதுவது?

துணைநிலைய சிஸ்டர்:
மழைக்காலம் வருவதால் எங்கள் துணை சுகாதார நிலையத்திலும் சுற்றியுள்ள அங்கன்வாடிகளிலும் ஒட்ட ஒரு நோட்டீஸ் தயாராகிறது. மேலிருந்து வந்த வாசகம் இது: “வயிற்றுப்போக்கினால் நீரிழப்பு ஏற்படும் தருணத்தில் குழந்தைகளுக்கு வாய்வழி நீரேற்றக் கரைசலை உட்கொள்ளச் செய்தல் இன்றியமையாததாகும்.”

நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: “பிள்ளைக்குப் பேதியானால் உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடும். உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள்.” இது பேச்சுத் தமிழ், அரசு நோட்டீஸுக்கு உரிய மரியாதை இல்லை என்கிறார் மேலதிகாரி. படிக்கப்போவது இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அம்மா, இல்லையென்றால் பாட்டி. அவர்களுக்குப் புரியாத எழுத்தில் என்ன மரியாதை? அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பழைய பத்திரிகை உதவி ஆசிரியர்:
சிஸ்டர், நடையைப் பற்றி வாதாடாதீர்கள், ‘நீரிழப்பு’ என்ற சொல்லை மட்டும் காட்டுங்கள். அவசரமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு அது ‘நீரிழிவு’. சர்க்கரை நோய் நோட்டீஸ், நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னொன்று. அந்த வாசகத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை என்று எதுவுமே இல்லை. ‘இன்றியமையாததாகும்’ என்று முடித்ததும் எல்லாம் சொல்லிவிட்ட நிறைவு எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பெரிய சொற்களிடம் எனக்குள்ள கோபமே இதுதான். 1942-ல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் தேடிப் போனது எளிய நடையால்தான். அதை மரியாதைக் குறைவு என்று யார் சொல்வார்கள்?

தமிழ் வாத்தியார்:
ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ‘நீரிழப்பு’ நல்ல சொல், வகுப்பில் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன். பாடப்புத்தகத்தில் அது இருக்கட்டும். எளிமை என்று சொல்லி அந்த இடத்தில் ‘டிஹைட்ரேஷன்’ போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. நோட்டீஸில் சிஸ்டர் எழுதியதுபோல விளக்கமாகவே இருக்கட்டும்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
எளிய சொல்லிலும் கவனம் வேண்டும்மா. எங்கள் பக்கம் ‘பேதிக்குக் கொடுப்பது’ என்றால் வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் கொடுப்பது. பேதி மருந்து கேட்டு வருபவரிடம், போக வேண்டுமா நிற்க வேண்டுமா என்று விசாரித்துத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதனால் ‘வயிற்றால் போனால்’ என்று எழுதுங்கள்.

அப்புறம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 1 லிட்டருக்கு ஒன்று, 200 மில்லிக்கு ஒன்று என இரண்டு அளவு வருகிறது. 1 லிட்டர் பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கரைக்கிறார்கள், டம்ளர் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டுகிறவர்களும் உண்டு. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

துணைநிலைய சிஸ்டர்:
அண்ணாச்சி, எங்களிடம் கொடுப்பது 1 லிட்டர் பாக்கெட்தான். எல்லாரும் சொன்னதை வைத்துத் திருத்தியிருக்கிறேன்:

“பிள்ளைக்கு வயிற்றால் போனால் உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் போய்விடும். இங்கே தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் குடிநீரில் கரையுங்கள். கடையில் வாங்கினால் உறையில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிஸ்டர் தரும் ஜிங்க் மாத்திரையை, வயிறு சரியான பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். கண் குழிவிழுந்தால், பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.”

வாத்தியார் ஐயா, ஒற்றுப்பிழை இருந்தால் சொல்லுங்கள். இதையும் பழைய வாசகத்தையும் அங்கன்வாடிக்கு வரும் அம்மாக்களிடம் மேலதிகாரி முன்னாலேயே படிக்கக் கொடுத்து, வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்கப் போகிறேன்.