புதுப்பிப்பு: கறுப்பு-வெள்ளைச் சுருளில் எடுத்த கல்யாணப் படங்கள்

மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கறுப்பு-வெள்ளைப் படச்சுருளில் கல்யாணம் எடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நெகட்டிவ்கள் இப்போது கழுவி உலர்ந்து கைக்கு வந்துவிட்டன. பலரும் சொன்னபடியே, ஐஎஸ்ஓ 400 (ஒளியுணரும் திறனின் அளவு) கொண்ட இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் சுருளை, கேமராவில் 1600 என்று வைத்துக் குறைந்த ஒளியிலேயே எடுத்து, ஐடி-11 என்ற டெவலப்பர் கரைசலில், அதை நீர் விட்டு மேலும் நீர்க்கச் செய்யாமல், 20 டிகிரி செல்சியஸில், வழக்கத்தைவிடக் கூடுதலாக 14 நிமிடம் டெவலப் செய்தேன்.

ஹோமப் புகைக்குப் பின்னால் தெரியும் மணப்பெண்ணின் முகத்தில் படச்சுருளின் துகள்கள் (கிரெயின்) கூடியிருந்தும் அவை சற்றும் உறுத்தவில்லை, அந்த ஒரு படத்துக்காகவே இந்தப் பாடு தகும் என்பேன். நிழல்கள்தாம் போய்விட்டன: தூணோரம் நின்ற நாதஸ்வரக்காரரின் தலைமுடியும் பின்னாலிருந்த திரையும் ஒரே கறுப்பாகிவிட்டன. நேரம் கூட்டி டெவலப் செய்வது வெளிச்சம் விழுந்த இடங்களைத்தான் நெகட்டிவில் அடர்த்தியாக்குமே தவிர, ஒளியே பதியாத இடத்துக்கு எதையும் கொண்டுவராது.

அரக்குக் கூறைப்புடவையும் அதன் பச்சைக் கரையும் ஒரே சாம்பலாகிவிட, நடுவில் ஓடும் ஜரிகைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. மஞ்சள்-பச்சை ஃபில்டர் பச்சையை வெளிறச் செய்து இதைத் தீர்க்கும். ஆனால் குறைந்தது ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது பாதி ஒளியை, அது விழுங்குவதால், மண்டபத்துக்குள் கட்டுப்படியாகாது. அடுத்த கல்யாணத்தில், பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஊஞ்சலுக்கு மட்டும் அதைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.