முரளிதரனின் 800 விக்கெட்டுகளை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி – பள்ளிப் பயிற்சியாளர்

எங்கள் பள்ளி கிரிக்கெட் அணி மாணவர்களிடம் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பற்றிப் பேசும்போது, 133 டெஸ்டுகளில் 800 விக்கெட், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட் என்று எண்களைச் சொல்வதோடு நின்றுவிடுகிறேன். நேற்று ஒரு மாணவன், "அவற்றில் பாதிக்கு மேல் சொந்த மண்ணிலும் சிறிய அணிகளிடமும் எடுத்தவைதானே?" என்று கேட்டான். அவனுக்கு நேர்மையான விடை சொல்ல விரும்புகிறேன்.

பதில் – பழைய ஸ்கோர் அட்டை

மாணவன் கேட்டதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். 493 விக்கெட்டுகள் இலங்கையில் எடுத்தவை. வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக மட்டும் 25 டெஸ்டுகளில் 176 விக்கெட்டுகள். ஆனால் அந்த 25 டெஸ்டுகளை முழுவதுமாக நீக்கினாலும் 108 டெஸ்டுகளில் 624 விக்கெட்டுகள் மிஞ்சுகின்றன; அதாவது ஒரு டெஸ்டுக்கு ஏறத்தாழ 5.8. ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னுக்கு, எல்லா அணிகளையும் சேர்த்தே, 4.9தான். வார்னுக்கு மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதால் விக்கெட்டுகள் பங்கு போயின என்பதும் நியாயமான வாதம்தான். எனினும் அதே காரணத்தால், வேகப்பந்து வீச்சாளர் வாஸைத் தவிர நிலையான துணை அதிகம் இல்லாத முரளி எவ்வளவு பாரத்தைச் சுமந்தார் என்பதும் விளங்கும். ஆஸ்திரேலிய மண்ணில் அவர் சோபிக்கவில்லை: 5 டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகளே.

பதில் – கண்டி ரசிகன்

ஐயா, அந்த மாணவனுக்கு 1998 லண்டன் ஓவல் டெஸ்டைச் சொல்லுங்கள். டாஸில் வென்ற இலங்கைத் தலைவர் ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆட அழைத்தார். முரளி முதல் இன்னிங்ஸில் 155 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 65 ரன்களுக்கு 9 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். எஞ்சிய ஒருவரான அலெக் ஸ்டூவர்ட் ரன் அவுட் ஆகாமல் இருந்திருந்தால் பத்தும் கிடைத்திருக்கக்கூடும். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 113 ஓவர்களுக்கு மேல் அவர் வீசியதும், அது சொந்த மண் அல்ல என்பதும், இலங்கை பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றதும் மாணவன் கேட்டதற்கு நேரடியான பதில்கள்.

பதில் – சுழற்பந்துப் பயிற்சி

பயிற்சியாளர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அவருடைய மணிக்கட்டு. வழக்கமான ஆஃப் ஸ்பின்னர் விரல்களால் சுழற்றுவார். முரளியோ மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றியதால்தான், பிறர் பந்து நேராகப் போகும் ஆடுகளத்திலும் அவருடையது திரும்பியது. பிறவியிலேயே முழங்கையை முழுவதும் நீட்ட இயலாதவர் அவர். 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் அவர் முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று அவருடைய பந்துகளை நோ-பால் (முறையற்ற பந்து) என அறிவித்த காட்சி இன்றும் எனக்கு வலிக்கிறது. பிற்காலத்து ஆய்வுகளில், முழங்கை ஓரளவு நீளாமல் பந்து வீசுபவர் மிக அரிது என்பது தெரியவந்த பிறகே, 2005இல் எல்லோருக்கும் பொதுவாக, முழங்கை நீள்வதற்கு 15 பாகை வரம்பு நடைமுறைக்கு வந்தது. அது அவர் ஒருவருக்காக வளைத்த விதி என்று மாணவர்கள் நம்பினால் தயவுசெய்து திருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 2010 ஜூலையில், இலங்கையின் காலி நகரில் இந்தியாவுக்கு எதிரான தம் கடைசி டெஸ்ட்டில், 792 விக்கெட்டுகளோடு இறங்கி, இந்தியாவின் ஓஜாவை ஸ்லிப்பில் நின்ற ஜெயவர்தனவிடம் பிடி கொடுக்க வைத்து 800ஐத் தொட்டதை மட்டுமே இதுவரை சொல்லிவந்தேன். நாளைய பயிற்சிக்கு ஓவல் ஸ்கோர் அட்டையை அச்சிட்டு எடுத்துச் செல்கிறேன். அந்த மாணவனையே அதை உரக்கப் படிக்கச் சொல்வேன்.