மேலண்ணத்தில் வெட்டி முரசில் (பல் ஈறில்) தைப்பது: செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

விசுவமடு விவசாயி:
எனக்கு 46 வயது. கீழ்வாய் முன்பல் ஒன்றில் முரசு இறங்கி வேர் மஞ்சளாகத் தெரிகிறது. காலையில் கிணற்றுத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. சிறுவயதில் உமிக்கரி, பிறகு கடினமான பிரஷ். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தவன் நான். இறங்கிய முரசு தானாக ஏறாதாம். மேலண்ணத்திலிருந்து சிறு துண்டு எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும் என்று சொல்லி, கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனை பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருக்கிறார் வைத்தியர். காலபோக அறுவடை முன்னால் நிற்கிறது. ஒற்றைப் பல்லுக்கு இவ்வளவு பாடா? பிடுங்கிவிட்டால் என்ன?

முள்ளியவளை அக்கா:
தம்பி, ஆடாத பல்லை ஏன் பிடுங்குகிறீர்கள்? எனக்கு இரண்டு பற்களுக்குச் செய்தார்கள். விறைப்பூசி போட்டதால் வெட்டியது தெரியவில்லை. தையல் நூல் கன்னத்தில் உரசியது மட்டும் தெரிந்தது. நோவு முரசில் இல்லை, அண்ணத்தில்தான். கொதிக்கக் கொதிக்கப் பிட்டை வாயில் போட்டுச் சுட்டுக்கொண்டதுபோல ஒரு கிழமை இருந்தது. நாக்கும் சும்மா கிடக்காது, அங்கேதான் போய்த் தடவும். ஆறிய கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு.

நான்காம் நாள் தைத்த துண்டு வெள்ளையாகிவிட்டது. அழுகிவிட்டதென்று அழுதேன். மேல்தோல் உரிந்து அடியிலிருந்து புதிதாக வரும், அது வழமைதான் என்றார்கள். என்னைப்போல உதட்டை இழுத்து இழுத்துக் கண்ணாடியில் பார்க்க வேண்டாம், தையல் அசைந்துவிடும். தையல் வெட்டும்வரை, இரண்டு கிழமை, அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி மருந்துக் கொப்பளிப்புத்தான். தேநீர் குடிக்கிற எனக்குப் பல்லெல்லாம் கறை பிடித்தது. பிறகு சுத்தம் செய்துவிட்டார்கள்.

கரைச்சிக் கிழவன்:
நல்லெண்ணெய் கொப்பளியும். எங்கள் காலத்தில் யார் தைத்தார்கள்?

பற்சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவன்:
ஐயா, எண்ணெய் கொப்பளித்தால் வாய்க்கு இதமாக இருக்கலாம், முரசு ஏறாது.

கேள்வி கேட்டவருக்கு: முரசு இறங்கிய எல்லோருக்கும் வெட்டுத் தேவையில்லை. மேலும் இறங்காமல், சுத்தம் செய்யவும் முடிந்தால், கூச்சத்துக்கான பற்பசையோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் செய்யப்போவது வேரை மூடவா, மெலிந்த முரசைத் தடிப்பாக்கவா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு கரைந்திருந்தால் வேர் முழுவதும் மூடாது, அதை முன்பே கேட்டுவிடுவது நல்லது. புகைத்தலோ புகையிலையோ இருந்தால் மறைக்காதீர்கள். வைத்த துண்டு பிடிப்பதே அங்கே ஓடும் இரத்தத்தை நம்பித்தான், புகையிலை அதைக் குறைத்துவிடும்.

விசுவமடு விவசாயி:
வெற்றிலை போடுவேன், புகையிலையோடு. கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். போய்ச் சொல்கிறேன். அறுவடை முடிந்து பங்குனியில் திகதி கேட்கலாம் என்றிருக்கிறேன். அக்கா, அன்றே வீடு திரும்பலாமா? பரந்தனில் பஸ் ஏறினால் கண்டிவரை ஏ9 வீதிதான்.

முள்ளியவளை அக்கா:
முடியுமென்றால் ஓர் இரவு கண்டியில் தங்குங்கள். எனக்கு மாத்தளை தாண்டும்போதே அண்ணத்தில் இரத்தம் கசிந்தது. துப்பத் துப்பக் கூடியது. பக்கத்து இருக்கைப் பெண் சொல்லித்தான் துப்புவதை நிறுத்தி, தந்துவிட்ட துணியை நனைத்து அழுத்திப் பிடித்தேன். தம்புள்ளை வரும்போது நின்றுவிட்டது.