நடுத்தர எஸ்யூவி: சிஓஇ எல்லாருக்கும் ஒன்றே என்றால், கூடுதல் பணம் எங்கே போகிறது?

பொங்கோல்_அப்பா:
வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ, எங்கள் வண்டிக்குப் பத்தாண்டு நிறைந்து இந்த 2024 இறுதியில் முடிகிறது. வீட்டில் நானும் மனைவியும், நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகளும், மூட்டுவலியுள்ள என் தாயாரும் இருக்கிறோம். பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவில் உள்ள ஈப்போவுக்கும் பினாங்குக்கும் காரிலேயே போய்வருவது வழக்கம். டொயோட்டா ஹேரியர், ஹூண்டாய் டூசான் போன்ற ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பதா, மெர்சிடிஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, வோல்வோ எக்ஸ்சி60 வரிசைக்குப் போவதா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. "சிஓஇக்கு மட்டும் ஒரு லட்சம் கொடுத்துவிட்டுச் சாதாரண வண்டியில் ஏறுவானேன்?" என்று மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நெடுஞ்சாலை_நேசன்:
உங்கள் துணைவியார் கேட்டது நியாயமான கேள்வி. ஹேரியரும் ஜிஎல்சியும் பெரிய எஞ்சின் கார்களுக்கான சிஓஇயின் பி பிரிவைச் சேர்ந்தவை. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் சிஓஇ 150,001 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டபோது, எந்த வண்டியை வாங்கியவராக இருந்தாலும் அதே தொகையைத்தான் கட்டியிருப்பார். மொத்த விலையில் பெரிய ஒரு பகுதி எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதால், மற்ற நாடுகளில் வானளாவத் தெரியும் விலை வேறுபாடு இங்கே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது.

சாலை வரியிலும் சொகுசு வண்டி உங்களைத் தண்டிப்பதில்லை. அந்த வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்குமே தவிர, முகப்பில் இருக்கும் சின்னத்தைப் பார்க்காது. இரண்டு லிட்டர் ஜிஎல்சிக்கும் இரண்டு லிட்டர் ஹேரியருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 வெள்ளி, 2.5 லிட்டர் ஹேரியர் ஹைப்ரிட்டுக்கோ ஏறத்தாழ 1,780 வெள்ளி. சிக்கனம் கருதி ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பினாங்கு வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம் பின்னிருக்கையில் அமர்ந்துவரப்போகும் உங்கள் தாயாருக்கு, நல்ல இருக்கையும் டயர் இரைச்சல் உள்ளே வராத அமைதியும் ஆடம்பரம் ஆகாது.

உட்லண்ட்ஸ்_கணக்கர்:
நேசன் அவர்கள் சிஓஇ பொது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். பொதுவல்லாத பகுதியைச் சொல்லவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் ஒவ்வொரு வண்டிக்கும் வெளியிடும் திறந்த சந்தை மதிப்பில்தான், அதாவது வரிகளுக்கு முந்திய இறக்குமதி மதிப்பில்தான், வரி ஏறுகிறது, அதுவும் படிப்படியாக ஏறுகிறது. 2023 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 250, இறுதியில் 320.

கணக்குக்காக ஒரு வண்டியின் மதிப்பை 30,000 என்றும் இன்னொன்றை 50,000 என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்குப் பதிவுக் கட்டணம் 34,000, சுங்கத் தீர்வை 6,000, பொருள் சேவை வரி 3,240. வண்டியின் மதிப்பையும் சேர்த்தால் 73,240 வெள்ளி. இரண்டாவதற்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே 67,000. எல்லாம் சேர்ந்து 132,400. வண்டியின் மதிப்பு 20,000 வெள்ளி கூடியதற்கு நீங்கள் கொடுப்பது 59,160 வெள்ளி கூடுதல். நல்ல இருக்கைக்கு ஒரு வெள்ளி கொடுத்தால், அரசுக்கு ஏறத்தாழ இரண்டு வெள்ளி போகிறது. வண்டியின் பதிவை நீக்கிக் கொடுக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியாகத் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவுக்கும் அதே வரவுசெலவுத் திட்டம் 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்துவிட்டது.

நெடுஞ்சாலை_நேசன்:
கணக்கர் ஐயா, 2024 விதிப்படி உச்சவரம்பு உங்கள் உதாரணத்தைத் தொடவே இல்லை. ஐந்து ஆண்டுக்குள் கொடுத்தால் கிடைக்கும் 75 விழுக்காட்டையே எடுத்துக்கொண்டாலும் 67,000க்கு 50,250தான் வருகிறது. 60,000 வெள்ளி வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் இன்னும் பெரிய வண்டி வாங்குகிறவர்கள்.

2024இல் பதிவாகும் வண்டிக்குப் பத்தாம் ஆண்டில் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். விலை குறைந்த வண்டிக்கு 17,000, மற்றதற்கு 33,500. அந்த 16,500 வேறுபாட்டைக் கழித்தால் மிஞ்சுவது 42,660 வெள்ளி. 120 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 355 வெள்ளி சொச்சம். ஐந்து பேர் பத்தாண்டு அமர்ந்து போகும் வண்டிக்கு அது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உட்லண்ட்ஸ்_கணக்கர்:
அந்த 355 வெள்ளி, துறைமுகத்தில் வண்டி இறங்கும் விலையில் போட்ட கணக்கு. லெங் கீ சாலைக் காட்சிக்கூடத்தில் உங்களுக்கு யாரும் அந்த விலையில் விற்கப்போவதில்லை. விற்பவரின் இலாபமும் விலையுயர்ந்த வண்டியில் கூடுதலாகவே இருக்கும். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் இடையே 80,000 வெள்ளி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சந்தை மதிப்பும் 20,000க்கு மேல் என்பதால் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடைக்காது, ஏழு ஆண்டுக்கு மேல் தவணையும் கிடையாது. ஆகவே அந்த 80,000இல் 32,000 வெள்ளியை முதல் நாளே கையிலிருந்து வைக்கவேண்டும். மிச்சம் 48,000க்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்று போட்டாலும், கார்க் கடன் வட்டி தொடக்கத் தொகையின் மேலேயே கணக்கிடப்படுவதால் ஏழு ஆண்டில் 8,400 வெள்ளி ஆகிவிடும். பார்ஃப் வேறுபாட்டைக் கழித்த பிறகும் 71,900 மிஞ்சுகிறது. மாதத்துக்கு 600 வெள்ளி. காப்புறுதியையும் பணிமனைச் செலவையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

பல சொகுசு வண்டிகளில் காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்தான் வருகிறது. மாற்றுச் சக்கரம் இருக்காது. தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு டயர் கிழிந்தால், அந்த அளவில் டயர் வைத்திருக்கும் கடையை எங்கே தேடுவது? சாதாரண அளவு டயர் என்றால் சின்ன ஊர்க் கடையிலும் கிடைத்துவிடும்.

தெம்பனிஸ்_அக்கா:
தம்பிகள் இருவரும் வெள்ளியிலேயே நிற்கிறீர்கள். அந்த அம்மா வண்டியிலிருந்து எப்படி இறங்குவார் என்பதை யாரும் பார்க்கவில்லை. இங்கே கார் நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஜிஎல்சியின் அகலம் 1.89 மீட்டர், 2024 வரை விற்ற எக்ஸ்3யும் அதேதான், எக்ஸ்சி60 1.9 மீட்டர். பக்கத்துக் கட்டத்திலும் அதே அளவு வண்டி நின்றால் இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர்தான் மிஞ்சும். மூட்டு மடங்காதவர் முதலில் இரண்டு கால்களையும் வெளியே திருப்ப வேண்டும்; பிறகு ஒரு கையால் கதவின் விளிம்பையும் மறுகையால் இருக்கையையும் பற்றி உடலை முன்னே தள்ளி எழவேண்டும். அதற்குக் கதவு முக்கால்வாசியாவது திறந்திருக்க வேண்டும். என் மாமியாரை அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் இறக்குவதில்லை. புளோக்கின் கீழே இறக்கிவிட்டுத்தான் வண்டியை மேலே ஏற்றுகிறோம். ஹேரியரும் 1.855 மீட்டர், பெரிய வித்தியாசமில்லை.

இன்னொன்று. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை கட்டாயம். பின்னால் அப்படி இரண்டு இருக்கைகளைப் பொருத்திவிட்டால் நடுவில் யார் உட்காருவது? பாட்டி முன்னால் அமர்ந்தால், உங்கள் மனைவிதான் இரண்டு பிளாஸ்டிக் கூடுகளுக்கு நடுவே பினாங்கு வரை போகவேண்டும். மெர்சிடிஸ் வாங்கி அதில் அப்படிப் போவதற்கு, டொயோட்டா நோவா வாங்கலாம்: அகலம் 1.73 மீட்டர்தான், கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும், மூன்று வரிசை இருக்கை.

பொங்கோல்_அப்பா:
அக்கா சொன்ன நடு இருக்கை விஷயம் வீட்டில் பெரிய விவாதமாகிவிட்டது. ஆனால் "வேன் வேண்டவே வேண்டாம்" என்பதில் மனைவி உறுதியாக இருக்கிறார். தாயாரும் உயரமான இருக்கையிலிருந்து இறங்குவதே எளிது என்கிறார். மின்வாகனத்தைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எங்கள் புளோக்கில் மின்னேற்றும் வசதி இன்னும் வராததால் இந்த முறை அதை எண்ணவில்லை. பாதுகாப்பில் சொகுசு வண்டிகள் உண்மையிலேயே மேலானவையா? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை_நேசன்:
வோல்வோ எக்ஸ்சி60 2017இல், கார்களை மோதிச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. வயதுவந்தோர் பாதுகாப்பில் 98 விழுக்காடு. பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

உட்லண்ட்ஸ்_கணக்கர்:
டூசானும் 2021இல் அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2020இல் அந்தச் சோதனை கடுமையாக்கப்பட்டது. எதிரே நகர்ந்துவரும் தடுப்பின் மீது மோதும் புதிய சோதனை அப்போதுதான் சேர்ந்தது. ஆகவே 2017ஆம் ஆண்டின் ஐந்தையும் 2021ஆம் ஆண்டின் ஐந்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அதற்காக விலை குறைந்த வண்டிகள் எல்லாம் சமம் என்றும் நான் சொல்லவில்லை. 2022இல் ஹோண்டா எச்ஆர்-வி நான்கு நட்சத்திரம்தான் பெற்றது. ஒவ்வொரு வண்டியையும் சோதித்த ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள்; ஐரோப்பாவில் சோதித்த அதே பாதுகாப்புக் கருவிகள் இங்கே விற்கும் வண்டியிலும் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

நெடுஞ்சாலை_நேசன்:
சோதனை ஆண்டைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உடன்பாடில்லை. 600 வெள்ளி சுமையா என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. அவருக்கு அது முடியும் என்றால், பத்தாண்டு விரும்பி ஓட்டும் வண்டியை வாங்கட்டும். மூன்றே ஆண்டில் அலுத்துப்போய் மாற்றினால், அந்த மாற்றத்தில் இழப்பது இதைவிட அதிகம்.

உட்லண்ட்ஸ்_கணக்கர்:
பத்தாண்டோடு நிறுத்துவதாக இருந்தால் சரி. அதன் பிறகும் சிஓஇயைப் புதுப்பித்து ஓட்ட நினைத்தால் பார்ஃப் கழிவை விட்டுக்கொடுக்க வேண்டும். சொகுசு வண்டியில் விட்டுக்கொடுப்பது 33,500, மற்றதில் 17,000. உத்தரவாதம் முடிந்து பதினொன்றாம் ஆண்டில் கியர்பெட்டி பழுதானால் எந்த வண்டியின் ரசீதைக் கையில் வாங்க விரும்புவீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தெம்பனிஸ்_அக்கா:
ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவையும், இரண்டு பிள்ளை இருக்கைகளையும் தூக்கிக்கொண்டு போங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டையும் பொருத்தி, நடுவில் உங்கள் மனைவியை உட்காரவைத்து, இருக்கைவார் பூட்டுக்குள் கை போகிறதா என்று பாருங்கள்.

பொங்கோல்_அப்பா:
அனைவருக்கும் நன்றி. டூசானையும் எக்ஸ்சி60ஐயும், மூன்று வரிசை இருக்கை வேண்டும் என்பதற்காக ஸ்கோடா கோடியாக்கையும் வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உட்லண்ட்ஸ்_கணக்கர்:
விலையில் உள்ள சிஓஇ உறுதியளிக்கப்பட்டதா, ஏலத்தைப் பொறுத்ததா என்று முதலில் பாருங்கள். ஏலத்தைப் பொறுத்தது என்றால் எத்தனை முறை ஏலம் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புமா என்பது எழுத்தில் இருக்கவேண்டும். சிஓஇ எந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் மிச்சத்தை உங்களுக்குத் திருப்பித் தருவார்கள் என்பதற்கும் ஒரு வரி இருக்கும். இரண்டு கடைகளின் விலையும் ஒன்றாக இருந்து, அந்தத் தொகை மட்டும் ஒன்றில் 90,000, மற்றதில் 80,000 என்று இருந்தால், சிஓஇ இறங்கும்போது முதல் கடையில் உங்களுக்குத் திரும்பும் பணம் இரண்டாவது கடையில் விற்பவரிடமே நின்றுவிடும்.