மறு: ‘ட்ரஸ்ட் ஆங்கர்’ – நங்கூரத்துக்குப் பதில் முதற்பிணை?

வணக்கம். இணையதளம் காட்டும் சான்றிதழைக் கணினி சரிபார்க்கும்போது, இதற்குமேல் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே ஏற்று வைத்திருக்கும் சான்றிதழைத்தான் ‘ட்ரஸ்ட் ஆங்கர்’ என்கிறார்கள். அதற்கு ‘முதற்பிணை’ என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘நம்பிக்கை நங்கூரம்’ என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துவதுதான் சிக்கல். தமிழில் நங்கூரம் என்றதும் கப்பல் நின்றுவிடுகிறது. சான்றிதழ்ச் சரிபார்ப்போ ஒருவர் கையொப்பத்திலிருந்து அடுத்தவர் கையொப்பத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது.

‘நம்பகச் சான்றிதழ்’ என்ற இன்னொரு யோசனையிலும் எனக்கு உடன்பாடில்லை. நம்பகம் என்பது பொருளின் குணம். இந்தக் கையொப்பச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் வேர்ச் சான்றிதழுக்கு (ரூட் சர்ட்டிஃபிகேட்) அப்படி ஒரு குணம் கிடையாது. தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்ட கோப்பு அது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள் இருந்தால் யாரும் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஃபெடோரா லினக்ஸில் ஒரே கோப்பை ‘ஆங்கர்ஸ்’ அடைவில் போட்டு அப்டேட்-சிஏ-ட்ரஸ்ட் கட்டளையை ஓட்டினால் ஏற்பு, பக்கத்து ‘பிளாக்லிஸ்ட்’ அடைவில் போட்டு ஓட்டினால் மறுப்பு. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. முடிவு கணினிக்காரருடையது.

அதனால்தான் ‘பிணை’ என்கிறேன். தளத்தின் சான்றிதழுக்கு இடைநிலைச் சான்றிதழ் பிணை, அதற்கு வேர்ச் சான்றிதழ் பிணை. அதற்கும் மேலே கேட்க ஆளில்லை, நாமே முன்கூட்டி ஏற்றுக்கொண்டது. ஆகவே முதற்பிணை. சான்றிதழ்களுக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5280-உம் (2008) முதற்பிணையை, சரிபார்க்க வேண்டிய சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்ப்பதில்லை, வெளியிலிருந்து தரப்படும் உள்ளீடாகத்தான் வைக்கிறது.

> பிணை என்றால் ஜாமீன் ஞாபகம்தான் வரும்.

வரட்டுமே, வேலை அதுதானே. பிணைக்கைதி ஞாபகம் வந்தால்தான் கொஞ்சம் சங்கடம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். என் பழைய மொழிபெயர்ப்பு வரைவில் ஒரு பிழைச்செய்தி ‘உள்ளக வழங்குநர் சான்றிதழைப் பெற இயலவில்லை’ என்றிருக்கிறது. எழுதிய எனக்கே இப்போது புரியவில்லை. ‘இந்தச் சான்றிதழுக்கு முதற்பிணை கிடைக்கவில்லை’ என்றால் எதைத் தேட வேண்டும் என்றாவது தெரிகிறது.

போன வாரம் நானே மாட்டிக்கொண்டேன். டெபியன் லினக்ஸில் சான்றிதழை உரிய அடைவில் வைத்து அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் ஓட்டினால் ‘0 சேர்ந்தது, 0 நீங்கியது’ என்று வந்தது. ஒருவேளை ஏற்கெனவே இருக்கிறதோ என்று அரை மணி நேரம் வேறெங்கோ தேடினேன். கோப்பின் பின்னொட்டு ‘பெம்’. அந்தக் கட்டளை ‘சிஆர்டி’ என்று முடிபவற்றை மட்டுமே எடுக்கும். பெயரை மாற்றியதும் 0 என்பது 1 ஆனது. அந்த வரியைத் தமிழாக்கும்போது ‘0 முதற்பிணை சேர்ந்தது’ என்று எழுதினால், சேராமல் போனது எது என்பதாவது உறைக்கும்.

இவற்றைச் சேர்த்துவைக்கும் இடமான ‘ட்ரஸ்ட் ஸ்டோர்’ என்பதற்கு முதற்பிணைக் களஞ்சியம் போதும். ‘சான்றிதழகம்’ என்றால் வழங்கும் அமைப்பு என்று நினைத்துவிடுவார்கள். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒன்றை வைத்திருப்பதால் கணினிக் களஞ்சியம், உலாவிக் களஞ்சியம் என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

வினைச்சொல்தான் இடிக்கிறது. ‘முதற்பிணையாக ஏற்கவும்’ பொத்தானில் அடங்காது. ‘பிணையேற்கவும்’ என்று சுருக்கினால், அப்புறம் நாமே பிணை நிற்பதாகப் பொருள் திரும்பிவிடுகிறது. யாரிடமாவது சின்னதாக ஒரு சொல் இருக்கிறதா?