ஊசி போட்டதால் வந்த இளைப்பு என்றுதான் நினைத்தோம்

கோபி பக்கத்து விவசாயி:
அம்மாவுக்கு 61 வயது, சினைப்பைப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவையில் கீமோ. மூன்றாவது சுற்று முடிந்து வந்த ஒன்பதாம் நாள் காலையில், கட்டுத்தரை வரை போய்த் திரும்பியவர் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேமூச்சு. "மருந்து ஏத்துனா இப்படித்தான் இருக்கும் கண்ணு, நீ வெசனப்படாதே" என்றார்.

பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினோம். எக்ஸ்ரே சுத்தம். ஹீமோகுளோபின் 9.1. ரத்தம் கம்மி, அதனால்தான் இளைப்பு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்ஸிஜன் 95 காட்டியதும் எங்களுக்கு நிம்மதி. அதே டப்பாவில் நாடித்துடிப்பு 116 என்று ஓடிக்கொண்டிருந்ததை ஒருவரும் சட்டை செய்யவில்லை. இரண்டு நாள் போய்விட்டது.

கண்டுபிடித்தது அக்கா. திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். அம்மா இடது செருப்பின் வாரை மட்டும் அவிழ்த்து விட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தாள். பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தாள். வலது 31 சென்டிமீட்டர், இடது 35. காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று அன்றைக்கே பொழுதோடு கோவைக்குக் கார் எடுத்துவிட்டோம்.

ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க டி-டைமர் என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, அது எடுக்க வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "புற்றுநோய், கீமோ, ஆபரேஷன் எதுவானாலும் அது ஏறித்தான் இருக்கும். சந்தேகம் குறைச்சலா இருந்து, அது நார்மலாவும் வந்தா ரத்தம் உறையலைன்னு தள்ளிடலாம். இங்க கால் வீங்கியிருக்கு, நாடி ஓடுது. ரிசல்ட் என்ன வந்தாலும் சிடி எடுக்கத்தானே போறோம்?" என்றார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு, நேராக சிடி பல்மனரி ஆஞ்சியோகிராம், அதாவது நுரையீரல் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சிடி. முழங்கை மடிப்பில் ஊசி, படத்தில் குழாய் தெரிவதற்கான சாய மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு, சில விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தைக் காட்டினார்கள். வெள்ளையாகக் கிளை பிரியும் குழாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. தடப்பள்ளி வாய்க்கால் மடையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளுமே, அதே மாதிரி. காலில் கட்டிய ரத்த உறை உடைந்து, இதயம் வழியாக வந்து, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் நன்றாக இருந்தது நல்ல காலம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈனாக்ஸபெரின் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்று.

கோவை, சிடி டெக்னீஷியன்:
"போன மாசம்தானே சிடி எடுத்தோம், அப்பத் தெரியலையா?" என்று கேட்காத ஆளே இல்லைங்க. போன மாதம் உறை இல்லாமலே இருந்திருக்கலாம். இருந்தாலும் கணக்கு வேறு. கட்டியைப் பார்க்கும் வயிற்று சிடியில் மருந்து போய் ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுப் படம் பிடிப்போம். நுரையீரல் குழாய்க்கு மருந்தை வேகமாக ஏற்றி, அது அந்தக் குழாயில் நிறைந்திருக்கும் சில விநாடிக்குள் பிடித்தாக வேண்டும். நோயாளி இருமிவிட்டால் படம் கலங்கிவிடும். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய சிடிகளையும் எடுத்து வாருங்கள்; ஒப்பிட்டுப் பார்க்க ரொம்ப உதவும்.

பெருந்துறை:
எங்கள் மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய். சளியில் ரத்தக்கீற்று வந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் டிபி என்றார்கள். டிபி ஆஸ்பத்திரியான சானடோரியம் இருந்த ஊர், வேறு என்ன தோன்றும்? சிலர் கட்டியில் இருந்துதான் கசிகிறது என்றார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் குத்துகிறது என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டது ஒரு இளம் டாக்டர் மட்டும்தான். உறைதான்.

தாராபுரம்:
அப்பாவுக்கு கிரியாட்டினின் 2.4. சாய மருந்து ஏற்ற யோசித்தார்கள். முதலில் காலுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள், தொடை ரத்தக்குழாயிலேயே உறை இருந்தது. மூச்சுத் திணறலும் இருப்பதால் இதை வைத்தே சிகிச்சை ஆரம்பிக்கலாம், சிடி இப்போது அவசியமில்லை என்றார்கள். காலில் எதுவும் தெரியாவிட்டால் விக்யூ ஸ்கேன் என்று ஒன்று, காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகிறது என்று பார்ப்பார்களாம். அது வரை போகவில்லை.

பொள்ளாச்சி:
இங்கே தலைகீழ். மனைவிக்கு மூச்சுத் திணறல், வலி எதுவும் இல்லை. கீமோ கேட்கிறதா என்று பார்க்க எடுத்த சிடியில் தற்செயலாக உறை தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசிக்கு முந்தின வரி. அந்தக் கவர் நான்கு நாள் எங்கள் பீரோவில் கிடந்தது, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் கொண்டுபோகலாம் என்று. ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து ஒரு போன் வந்திருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அதே சிகிச்சைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

கோபிக்காரரே, வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப் போகிறதா? இவளுக்கு நீலம் பாரித்திருக்கிறது.

கோபி பக்கத்து விவசாயி:
ஆமாங்க, கன்றுகிறது. தொப்புளை விட்டுத் தள்ளி, இடம் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். போட்டபிறகு தேய்க்கக் கூடாது. வேறு எங்காவது ரத்தம் கசிந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். காலை 7, ராத்திரி 7. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்து அப்பாதான் போடுகிறார். மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகின கை என்று அம்மாவிடம் தினம் திட்டு வாங்குகிறார். மூன்று மாதம் கழித்து மாத்திரைக்கு மாற்றலாமா என்று பார்ப்பார்களாம்.

அக்கா இஞ்ச் டேப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளக்கிறோம். நேற்று இடது கால் 32.5.