அடீனியமா, இட்லிப்பூவா? போர் தண்ணீர் வீட்டுக்கு எது நிலைக்கும்

வேளச்சேரி (கேள்வி):
மாடியில் காலை 9 முதல் மாலை 4 வரை நேர் வெயில். கீழே காம்பவுண்ட் சுவரை ஒட்டி 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு மண். போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாகப் படியும். வருஷத்தில் பாதி நாளாவது பூ நிற்க வேண்டும். நர்சரியில் அடீனியமும் சிவப்பு இட்லிப்பூவும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

தாம்பரம்:
முதலில் தண்ணீரைப் பாருங்கள், பூவைப் பிறகு பார்க்கலாம். சென்னைப் பக்கம் அடீனியம் சாவது ஐப்பசி, கார்த்திகை மழையில். இட்லிப்பூ நலிவது போர் தண்ணீரில். இரண்டும் வெயில் கேட்கும் செடிதான், ஆனால் வேர் கேட்பது நேரெதிர்.

அடீனியம் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நாடுகளிலும் அரேபியாவிலும் விளைவது. அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேர் இரண்டு நாள் காய்ந்தால் அதற்கு நல்லது. இட்லிப்பூ, அதாவது நம் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான புதர். காபிக் குடும்பம். ஈரமும் இலைமக்கும் புளிப்பு மண்ணும் வேண்டும். மண்ணின் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும் அளவு; 7 நடுநிலை) 5 முதல் 6 வரை இருந்தால் தழைக்கும், 7-ஐத் தாண்டினால் இலை வெளுக்கத் தொடங்கிவிடும்.

உங்கள் வாளியில் வெள்ளைப் படிவு என்றால் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மாடிக்கு அடீனியம், யோசிக்கவே வேண்டாம். சுவரோரம் பற்றி மற்றவர்களும் சொல்லட்டும்.

நாகர்கோவில்:
எங்கள் செம்மண்ணில் இட்லிப்பூவை நட்டுவிட்டு மறந்தாலும் ஆள் உயரம் வளரும். அதே செடியைச் சென்னைக்குக் கொண்டுபோனால் மஞ்சளாகிறது என்று உரம் மேல் உரம் போடுகிறார்கள். அந்த மஞ்சளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நுனியில் இருக்கும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதை வேர் எடுக்க முடியாதபடி கட்டிவைத்திருக்கும். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. முதிர்ந்த இலையில் ஓரம் தெளிவான ஊதாப் புள்ளிகள் விழுந்தால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) போதவில்லை. பலர் இந்தப் புள்ளியைப் பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள், பலன் இருக்காது.

இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம். மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கரைத்து மாலையில் இலை மேல் தெளிக்க வேண்டும், 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும், தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது. மண்ணில் போடுவதானால் இரும்புச் செலேட்டில் (சுண்ணாம்பு கட்டிவிடாதபடி பொதிந்த இரும்பு உரம்) ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் சுண்ணாம்பு மண்ணில் நிற்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். ஆறரைக்கு மேல் போனால் பிரிந்து வீணாகிவிடும்.

முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் இட்லிப்பூவுக்குப் போடவே கூடாது. ரோஜாவுக்கு நல்லது என்று கேட்டதை எல்லாச் செடிக்கும் போட்டால், இந்தச் செடிக்கு வேண்டாத சுண்ணாம்பை நாமே ஊட்டுகிறோம்.

யாழ்ப்பாணம்:
எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. கிணத்துத் தண்ணியும் கடினம். நாகர்கோவில்காரர் சொன்ன மஞ்சள் நோயை இஞ்ச வெட்சியில அடிக்கடி காணலாம். கந்தகத் தூள் போட்டு மண்ணைப் புளிக்க வைக்கலாம் எண்டு சொல்லுவினம், ஆனா மண்ணுக்குள்ள சுண்ணாம்பே கலந்து கிடந்தா கந்தகம் தோத்துப்போகும். ஒரு கரண்டி காய்ஞ்ச மண்ணில வினாகிரி ஊத்திப் பாருங்கோ. நுரைச்சுப் பொங்கினா அந்த நிலத்தில வெட்சியை நேரா நடாதேங்கோ, பெரிய சாடிதான் வழி. மாரியில பிடிச்சு வைச்ச மழைத்தண்ணி அதுக்கு அமிர்தம்.

தாம்பரம்:
வினிகர் சோதனை நல்ல யோசனை. சுவரோர மண்ணில் கட்டட வேலையின்போது சிமெண்டும் கலவையும் கொட்டியிருப்பார்கள், அநேகமாக நுரைக்கும். ஒன்றரை அடி அகலத்தில் சுவரை விட்டுத் தள்ளி நடவும் இடமில்லை. மண்ணைத் தோண்டி மாற்றினாலும் மழைதோறும் சுவரிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். இட்லிப்பூவுக்கு 14 அங்குலத் தொட்டி நான்கு வாங்கி அந்த வரிசையில் வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்து மண்ணிலிருந்து தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் துளை வழியாகக் கீழே இறங்கிவிடும்.

கலவை: செம்மண் 2 பங்கு, இலைமக்கு 1, மண்புழு உரம் 1, தேங்காய் நார்க்கழிவு அரைப் பங்கு. போர் தண்ணீரைத்தான் ஊற்றியாக வேண்டும் என்றால் 10 லிட்டருக்கு 2 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, வாளியில் பிடித்து இதற்கே விடலாம். மாதம் ஒருமுறை தொட்டிக்கு 5 கிராம் அம்மோனியம் சல்பேட், ஈர மண்ணில் மட்டும். அது தழைச்சத்தும் கொடுக்கும், மண்ணையும் புளிப்பாக்கும்.

மதுரை:
அடீனியம் கலவை பற்றி யாரும் சொல்லவில்லையே. நர்சரிப் பையில் களிமண்ணோ வெறும் நார்க்கழிவோதான் இருக்கும். வாங்கி ஒரு வாரம் கழித்து அதை உதறி, வேரைக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்திவிட்டு மாற்றுங்கள். பருமணல் 2 பங்கு, உடைத்த செங்கல் அல்லது பெர்லைட் 1, மக்கிய தொழு உரம் 1. எம்-சாண்ட் என்றால் தூள் போகும்வரை அலச வேண்டும், அந்தத் தூள்தான் அடியில் சிமெண்டாக இறுகுகிறது. அகலமான, ஆழம் குறைந்த மண் தொட்டி போதும். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் கூடாது.

அடித்தண்டு மெத்தென்றிருந்தால் பதறாதீர்கள். மண் காய்ந்து, தண்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் தாகம். தண்ணீர் விட்டால் இரண்டொரு நாளில் இறுகும். மண் ஈரமாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் அழுகல். உடனே பிடுங்கி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்ட வேண்டும். பழுப்பு வளையம் கொஞ்சம் மிஞ்சினாலும் மறுபடி பரவும். வெட்டில் சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவி, நிழலில் ஒரு வாரம் முதல் 10 நாள் வரை தலைகீழாகத் தொங்கவிட்டு, காய்ந்த கலவையில் நடலாம்.

மழைக்காலத்தில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள், அல்லது சாய்த்துப் படுக்க வையுங்கள். மார்கழியில் இலை கொட்டினால் அது ஓய்வு. அப்போது இலை இல்லையே என்று தண்ணீர் ஊற்றுவதால்தான் நிறைய செடி போகிறது.

திருச்சி:
பூவுக்கு: இரண்டுமே புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும், வெட்டு இல்லாவிட்டால் பூ குறையும். அடீனியத்தை மாசியில் கிளைக்கு நான்கு விரல் விட்டு வெட்டினால் இரண்டு மாதத்தில் பூ. இட்லிப்பூவைக் கொத்து வாடியதும் இரண்டு கணு சேர்த்துக் கிள்ளுங்கள். வேலி மாதிரி மாதாமாதம் கத்தரிப்பவர்கள் மொட்டையும் சேர்த்து வெட்டுகிறார்கள், அப்புறம் பூக்கவில்லை என்கிறார்கள்.

கோவை:
வீட்டில் தவழும் குழந்தையோ நாயோ இருந்தால் என் ஓட்டு இட்லிப்பூவுக்கு. அடீனியம் அரளிக் குடும்பம். அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவினார்கள். வெட்டும்போது கையுறை போட்டு, கண்ணில் கை வைக்காமல், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இட்லிப்பூவில் அந்தப் பயம் இல்லை, சாமிக்கும் வைக்கலாம், பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வரும்.

மதுரை:
கோவை அக்கா சொன்னது சரி. பாலில் நஞ்சு இருப்பதால் பூச்சி வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அடீனியத்தை ஒரே இரவில் மொட்டையாக்கும். பச்சை உடம்பு, தலைப்பக்கம் நீலக்கண் மாதிரி இரண்டு புள்ளி. தொட்டியைச் சுற்றி மிளகு போலக் கரும் எச்சம் கிடந்தால் இலைக்கு அடியில் தேடிப் பிடித்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் நந்தியாவட்டை இருந்தால் அதிலும் பாருங்கள். இட்லிப்பூவில் எறும்பு ஏறினால் செதில்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், கரும்பூசணம் பின்னாலேயே வரும். முதலில் எறும்பை நிறுத்தி, சோப்புத் தண்ணீரால் தண்டைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

தாம்பரம்:
வாங்கும்போது அடீனியத்தின் அடித்தண்டைச் சுற்றிலும் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். பருத்த அடி வேண்டுமென்றால் விதைக் கன்று கேளுங்கள். பதியன் குச்சி அந்த உருண்டை வடிவத்துக்கு வராது. அடுக்குப் பூ வகைகள் பெரும்பாலும் ஒட்டுச் செடி. ஒட்டுக்குக் கீழே முளைப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், விட்டால் மேலே உள்ள வகையை அமுக்கிவிடும். இட்லிப்பூவில் நுனி இலை கரும்பச்சையாக இருப்பதை எடுங்கள். பூக்கொத்தோடு மஞ்சள் நுனி இருந்தால் எவ்வளவு அழகானாலும் அங்கேயே விட்டுவிடுங்கள். மழை முடிந்து தை மாதம் அடீனியம் வாங்கலாம்; இட்லிப்பூவை ஆடியிலேயே வைத்தால் மழைத்தண்ணீரில் வேர் பிடித்துக்கொள்ளும்.